பெல்ட் கழன்ற மிஷின்: ஒரு காதல் நாவலைப் பிரித்து மாட்டிய நான்கு மாதங்கள்

முதல் வரைவு 31 அத்தியாயம், 1,12,000 சொற்கள். முடித்த பிறகு ஆறு வாரம் அதைத் தொடவில்லை. அப்புறம் அச்செடுத்து இரண்டே நாளில் படித்தேன். 19ஆம் அத்தியாயத்தில் அப்பாவும் மகளும் ஆறு வருடம் கழித்துப் பேசிக்கொள்கிறார்கள், எழுதும்போது எனக்குத் தொண்டை அடைத்த இடம் அது. படிக்கும்போது ஒன்றுமே நடக்கவில்லை. பக்கத்தைத் திருப்பிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டேன். எங்கோ ஒரு பாகம் கழன்றிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது, எது என்று கண்டுபிடித்து மாட்ட நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தில் என்ன செய்தேன், எது வேலைக்கு ஆனது, எதைச் செய்து கெடுத்தேன் என்று எழுதி வைக்கிறேன். காதலும் குடும்பமும் கொஞ்சம் அமானுஷ்யமும் கலந்த கதையோடு இதே இடத்தில் நிற்கிறவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் கதை. பாத்திரங்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. காதலைப் பாடும் சங்க அகப்பாட்டில் யாரையும் பெயர் சொல்லிச் சுட்டுவதில்லை, அவன், அவள், தாய், தோழி என்றே போகும். இந்தக் குறிப்புக்கும் அதுவே வசதி.

அம்மா இறந்து ஆறு வருடம். அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் பேசாமல் இருக்கிறார்கள். அம்மாவின் கடைசி ராத்திரியில் அப்பா ஆஸ்பத்திரியில் இல்லை, நடுவில் எழுந்து எங்கேயோ போய்விட்டார், விடியும்போது திரும்பி வந்தார். எங்கே போனார் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அம்மாவின் தையல் மிஷின் ஹாலில் துணி போர்த்திக் கிடக்கிறது, ராத்திரியில் அதன் பெடல் தானாக ஆடுகிற சத்தம் கேட்கிறது. மிஷினைப் பார்க்க ஒரு மெக்கானிக் வருகிறான். அவன்தான் காதலன்.

முதல் வரைவில் இதை எப்படி முடித்திருந்தேன் என்றால், 17இல் அம்மா கனவில் வந்து அப்பா மேல் தப்பில்லை என்கிறாள். 18இல் மிஷினின் டிராயர் தானாகத் திறக்கிறது, உள்ளே கடிதம். 19இல் சமாதானம்.

முதல் வேலையாக ஒரு அத்தியாயத்துக்கு ஓர் அட்டை போட்டேன். அட்டையில் நான்கே வரி: இதில் யாருக்கு என்ன வேண்டும், யார் எதை மறைக்கிறார்கள், முடியும்போது என்ன மாறியிருக்கிறது, அந்த மாற்றத்தைச் செய்தது யார். முதல் மூன்றும் எங்கும் சொல்லிக்கொடுப்பவைதான். நான்காவது வரியைச் சும்மாதான் சேர்த்தேன், கடைசியில் அதுதான் கண்ணைத் திறந்தது. 31 அட்டையையும் தரையில் பரப்பிக் கூட்டிப் பார்த்தேன். ஆவி செய்த மாற்றம் 8. தற்செயலாக நடந்தது 7. காதலன் செய்தது 6. மகள் 4. எதுவும் மாறாத அத்தியாயம் 5. அப்பா 1. அந்த ஒன்றும் அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

ஒரு குடும்பம் ஆறுவதைப் பற்றி 400 பக்கம் எழுதியிருக்கிறேன், அதில் குடும்பத்தில் இருக்கிற இரண்டு பேரும் சேர்ந்து ஐந்து அத்தியாயத்தில்தான் எதையாவது செய்கிறார்கள். மீதி வேலையை ஆவியும் தற்செயலும் பார்த்துக்கொண்டன. செத்துப்போனவள் வந்து மன்னிப்பு வாங்கிக்கொடுத்தால் உயிரோடு இருக்கிறவர்களுக்கு என்ன வேலை? 19ஆம் அத்தியாயம் ஏன் அசைக்கவில்லை என்பதற்கு விடை தரையிலேயே கிடந்தது.

இரண்டாவதாக, காதல் பக்கத்தைப் பார்க்க உரிப்பொருளை, அதாவது காதலின் நிலைகளை, எடுத்துக்கொண்டேன். தொல்காப்பியம் அகத்திணைக்குச் சொல்லும் ஐந்து: புணர்தல், பிரிதல், இருத்தல் (காத்திருப்பது), இரங்கல் (ஏங்கி வருந்துவது), ஊடல் (பொய்க்கோபம்). ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் இதில் ஒன்றை எழுதினேன். காதலர் வரும் அத்தியாயங்களுக்கு மட்டுமல்ல, அப்பா மகள் அத்தியாயங்களுக்கும்தான். புணர்தல் என்றால் உடலோடு மட்டும் நிற்பதில்லை, இரண்டு பேர் ஒன்று சேர்கிற எதையும் அதில் போட்டேன். கணக்கு: இருத்தல் 11, புணர்தல் 9, இரங்கல் 6, பிரிதல் 5. ஊடல் பூஜ்யம்.

நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினேன். பூஜ்யம்தான். காதலர்கள் சந்தித்ததிலிருந்து கடைசிவரை ஒருவருக்கொருவர் அவ்வளவு நல்லவர்களாக இருந்தார்கள். பிரிந்ததுகூட வெளியூர் வேலை என்ற வெளிக்காரணத்தால்தான். அப்பா மகள் விஷயத்தில், அவர்களுடைய மௌனத்தை ஊடல் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறேன், அட்டையில் எழுதப் போகும்போது கை நின்றுவிட்டது. ஊடல் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் காது அந்தப் பக்கம் இருக்க வேண்டும். சமாதானம் செய்ய ஆள் வரும் என்ற நம்பிக்கையில் கோபப்படுவது அது. இவர்களுக்குள் இருந்தது ஒரே கூரைக்குள் நடந்த பிரிவு. வள்ளுவர் 131ஆவது அதிகாரத்தில் புலவியை, அதாவது ஊடலை, உப்புக்கு ஒப்பிடுகிறார், கொஞ்சம் நீளவிட்டாலும் உப்பு மிகுந்த மாதிரி என்கிறார். இவர்கள் ஆறு வருடம் நீளவிட்டிருக்கிறார்கள்.

அந்த அட்டையில் ஒரு வரி எழுதிச் சுவரில் ஒட்டினேன்: இந்தக் குடும்பத்துக்குச் சமாதானத்துக்கு முன்னால் ஒரு நல்ல சண்டை தேவை.

சரி, அப்புறம் செய்த தப்புகள். ஆவிதான் பிரச்சனை என்று முடிவுகட்டி அதை முழுக்கக் கழற்றிவிட்டேன். பத்து நாள் வேலை, எட்டு அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன். படித்தால் கதை சவம் மாதிரி கிடக்கிறது. அப்பாவுக்கும் மகளுக்கும் ராத்திரியில் படுக்கையை விட்டு எழவே காரணமில்லை. மெக்கானிக் வர ஒரு முகாந்திரம் உண்டு, திரும்பத் திரும்ப வர முகாந்திரமில்லை. பத்து நாள் வேலையை அப்படியே ஒதுக்கி வைத்தேன்.

அடுத்தது இன்னும் மோசம். துக்கம் என்றால் ஐந்து கட்டம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று, அந்த வரிசையில் மகளின் அத்தியாயங்களை அடுக்க ஆரம்பித்தேன். மூன்று அத்தியாயம் போன பிறகுதான் அந்தக் கட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று தேடினேன். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியது சாகப்போகும் நோயாளிகளிடம் பேசி, அவர்கள் தங்கள் சாவை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதைப் பற்றி. பின்னால் இருந்துவிட்டவர்களின் துக்கத்துக்குப் பிறகுதான் அதை நீட்டினார்கள், படிக்கட்டு மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக ஏறுவார்கள் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஸ்ட்ரோப், ஷுட் என்ற இருவர் 1999இல் வைத்த மாதிரி எனக்கு நெருக்கமாகப் பட்டது. துக்கத்தில் இருப்பவர் இழப்புக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் நடுவே முன்னும் பின்னுமாக ஆடுகிறார், ஒரு மணி நேரம் அழுவார், அடுத்த மணி நேரம் கரண்ட் பில் கட்டப் போவார், திரும்ப வந்து அழுவார் என்கிறது அது. இரண்டும் தேவை. என் மகள் பாத்திரத்தை இதன்படி மாற்றியதும் அவளுக்குச் சிரிக்க அனுமதி கிடைத்தது, ஏனென்றால் அதுவரை காதல் காட்சிகளில்கூட அவள் துக்கத்தை இறக்கி வைக்காமல்தான் உட்கார்ந்திருந்தாள்.

இதைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் டெவி ரீஸ் என்ற மருத்துவர் 1971இல் வெளியிட்ட ஆய்வு கண்ணில் பட்டது. வேல்ஸ் நாட்டின் நடுப்பகுதியில் துணையை இழந்த 293 பேரிடம் பேசியிருக்கிறார். ஏறக்குறைய பாதிப் பேர், இறந்த துணை கூடவே இருப்பதாக உணர்ந்திருக்கிறார்கள், சிலர் பார்த்திருக்கிறார்கள், சிலர் குரலைக் கேட்டிருக்கிறார்கள். இதெல்லாம் நோய் இல்லை, இயல்பாக நடப்பது. என்னை நிறுத்தியது அதற்கு அடுத்த செய்தி. அப்படி உணர்ந்தவர்களில் பெரும்பாலானவர்கள் அதை யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா!

ஒரு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிற நாவலில் பெடல் சத்தம் மகளுக்கு மட்டும்தான் கேட்கிறது. அப்பாவுக்குக் கேட்குமா என்று நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. மனைவியை இழந்தவர் அவர். அவருக்கும் கேட்டிருக்கும். ஆறு வருடமும் கேட்டிருக்கும். மகளுக்குக் கேட்பது அவருக்குத் தெரியாது, அவருக்குக் கேட்பது மகளுக்குத் தெரியாது. இரண்டு அறையில் இரண்டு பேர் ஒரே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அது தனக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். நோட்டை எடுத்து இதை எழுதும்போது கை நடுங்கியது.

அன்றைக்கே வெறியாட்டுப் பாடல்களும் நினைவுக்கு வந்தன. சங்கப் பாட்டில் மகள் மெலிகிறாள், முருகன் அணங்கினான், அதாவது பிடித்துக்கொண்டான் என்று வெறியாட்டு ஆட முருகன் பூசாரியான வேலனைத் தாய் அழைக்கிறாள், காதல்தான் காரணம் என்று மகளுக்கும் தோழிக்கும் மட்டும் தெரியும். காதல், குடும்பம், அமானுஷ்யம் மூன்றும் அதில் ஒன்றாக இருக்கின்றன. அங்கே முருகன் வந்து எதையும் தீர்த்துவைப்பதில்லை. வெறியாட்டு நடக்கப் போகிறது, இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆகாது என்ற நெருக்கடியில் தோழி அறத்தொடு நிற்கிறாள், உண்மையைச் சொல்லிவிடுகிறாள். தெய்வம் வந்ததால் மனிதர் பேச வேண்டியதாகிறது. என் ஆவிக்கு வேண்டிய வேலை இதுதான் என்று பிடிபட்டது. அது எதையும் சொல்லக் கூடாது, திறக்கக் கூடாது, காட்டிக்கொடுக்கக் கூடாது. யாராவது ஒருவர் வாய் திறந்தே ஆக வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் போதும். ஆனால் எப்படி என்பது தெரியவில்லை. அதை வீட்டில் இருந்த மிஷின்தான் சொல்லிக்கொடுத்தது.

மெக்கானிக் காட்சிகளைச் சரிபார்க்கலாம் என்றுதான் அதைத் திறந்தேன். காலால் மிதிக்கும் பழைய மிஷின். பெடலை மிதித்தால் ஒரு கம்பி கீழ் வீலைச் சுற்றும், கீழ் வீலிலிருந்து தோல் பெல்ட் மேலே போய் மேல் வீலைச் சுற்றும், மேல் வீல் சுற்றினால்தான் ஊசி இறங்கி ஏறும். தோல் என்பதால் நாளாக ஆக பெல்ட் இழுபட்டுத் தளர்ந்துவிடும். அப்போது கொஞ்சம் வெட்டிவிட்டு இரண்டு முனையிலும் ஓட்டை போட்டுச் சின்னக் கம்பிக் கொக்கியால் மறுபடி இணைப்பார்கள். இணைக்கிற இடத்தை இடுக்கியால் நன்றாக அமுக்காவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தக் கொக்கி வீலில் இடித்து டிக், டிக் என்று கேட்கும். நான் முதலில் போட்டது அப்படித்தான் இடித்தது.

எழுதியதில் நிறையத் தப்பு இருந்தது. அவள் உட்கார்ந்து நேராக மிதிக்க ஆரம்பிப்பதாக எழுதியிருந்தேன். அப்படி மிதித்தால் வீல் எந்தப் பக்கம் கிளம்பும் என்று சொல்ல முடியாது, எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் சிக்கிக்கொள்ளும். முதலில் மேல் வீலைக் கையால் தன் பக்கமாக இழுத்துவிட்டு, அது கிளம்பிய பிறகு கால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு இது பழக அரை நாள் ஆனது. ஒரு ஊசியும் உடைந்தது. அந்த அரை நாள் அப்படியே 9ஆம் அத்தியாயத்துக்குள் போய்விட்டது: அவன் அவளுக்கு வீலை இழுத்துவிடச் சொல்லிக்கொடுக்கிறான், அவள் கை தவறுகிறது, அவன் தொடாமல் வாயாலேயே சொல்கிறான். பழைய வரைவில் அதே இடத்தில் அவன் மேல் நூலும் கீழ் நூலும் துணிக்குள் பின்னிக்கொள்வதைச் சொல்லி, மேல் நூல் நீ, கீழ் நூல் நான் என்று ஒரு பக்கம் பேசியிருந்தான். வெட்டிவிட்டேன். நூல் இரண்டும் துணிக்கு நடுவில் சந்திக்க வேண்டும், மேலே இழுப்பு அதிகமானால் கீழ் நூல் மேலே தெரியும், இதை அவன் வேலை செய்துகொண்டே சொன்னால் போதும், யார் எந்த நூல் என்பதை வாசகர் பார்த்துக்கொள்வார்.

இப்போது முக்கியமான விஷயம். பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தற்செயலாகக் காலை பெடலில் வைத்தேன். அவ்வளவு லேசாக ஆடியது. பெல்ட் இருக்கும்போது ஒரு மிதி மிதித்துவிட்டு விட்டால் இரண்டு ஆட்டத்தில் நின்றுவிடும், ஊசி, மேல் வீல் எல்லாவற்றின் பாரமும் அதை இழுத்துப் பிடிக்கும். பெல்ட் இல்லாமல் மிதித்தபோது எண்ணினேன், பதினொரு தடவை ஆடியது. கீழ் வீல் கனமானது, அது பாட்டுக்குச் சுற்றுகிறது, மேலே ஊசி அசையவே இல்லை. கிட்டத்தட்ட மூன்று கிலோ இருக்கும் ஒரு புத்தகப் பையை பெடல் ஓரத்தில் போட்டேன். ஆடியது. பூனை ஒன்று குதித்தாலும் ஆடும்.

தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் மிதித்தாலும் எதுவும் தைக்காது. அம்மா ஆறு வருடமாக மிதிக்கிறாள், ஒரு தையல் விழவில்லை. பெல்ட் போடுவதற்கு உயிரோடு ஒரு கை வேண்டும்.

அன்று ராத்திரி ஆவிக்கான விதிகளை எழுதினேன், மூன்றே வரி. பெடல் ஆடும், ஊசி அசையாது. பேச்சு, கனவு, கடிதம் கிடையாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வீட்டுப் பூனை காரணமாக இருக்க முடியும். மூன்றாவது விதி இலக்கியக் கோட்பாட்டாளர் டோடரோவ் 1970இல் சொன்னதை ஒட்டியது: இயற்கையா, இயற்கைக்கு மீறியதா என்று வாசகர் தயங்கி நிற்கும் வரைதான் அந்தக் கதைக்கு உயிர். ஒரு பக்கம் முடிவாகிவிட்டால் அது வேறு வகைக் கதையாகிவிடும்.

பெல்ட் ஏன் இல்லை? அப்பாதான் கழற்றினார், அம்மாவுக்குப் பிறகு அதில் யாரும் தைக்கக் கூடாது என்று. இந்தப் பதில் வந்ததும் மீதி எல்லாம் தானாக வந்து உட்கார்ந்தது. மெக்கானிக் வருகிறான், அவள் மேல் பிரியம், அவளுக்கு ஒரு நல்லது செய்ய நினைக்கிறான், அவள் வீட்டில் இல்லாத நேரத்தில் புது பெல்ட் போட்டு எண்ணெய் விட்டு மிஷினைச் சரிசெய்துவிட்டுப் போகிறான். பெல்ட் இருப்பதால் பெடல் இனி லேசில் ஆடாது. அன்று ராத்திரி சத்தம் இல்லை. அவன் செய்த ரிப்பேர் அவள் அம்மாவை இரண்டாம் தடவையாக எடுத்துக்கொண்டு போய்விட்டது. இதுதான் ஊடல், நான் பூஜ்யம் என்று எண்ணிய ஊடல். ஒருவரும் கெட்டவர் இல்லை, அன்பால் செய்தது, என்ன செய்தோம் என்று அவனுக்கே தெரியாது. கேட்காமல் ஏன் தொட்டாய் என்பது அவளுடைய கோபம், அது நியாயமான கோபம். மறுநாள் அவனை வாசலிலேயே நிறுத்தி அவள் சண்டை போடும் 16ஆம் அத்தியாயத்தை ஒரே உட்காரலில் எழுதினேன், இந்த நாவலில் நான் அதிகம் திருத்தாத அத்தியாயம் அதுதான்.

ஆனால் அந்தச் சண்டைக்கு முன்னால், சத்தம் நின்ற அதே ராத்திரி இன்னொன்று நடக்கிறது. அதைப் பழையதும் புதியதுமாக வைக்கிறேன். பழைய 17:

“குளிர்ந்த காற்று ஒன்று அறைக்குள் நுழைந்தது. திடீரென்று விளக்கு அணைந்தது. ஏதோ ஒரு பூவின் வாசம். அம்மாவின் குரல் காதருகே கேட்டது போலிருந்தது. ‘அப்பாவை மன்னித்துவிடு, கண்ணே.’ அவள் கண்கள் கலங்கின.”

புதியது, இப்போது 15:

“ராத்திரி ரெண்டு மணிக்கு விழித்துக்கொண்டாள். எதற்கு விழித்தோம் என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. ஹாலுக்குப் போனாள். துணி விலகி, புது பெல்ட்டோடு மிஷின் நின்றது. எதிரே முக்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். முழங்கால் மேல் இரண்டு கையும்.

‘என்னப்பா?’

அவர் நிமிரவில்லை.

‘நின்னுடுச்சும்மா.’

அவள் எது என்று கேட்கவில்லை.”

முதலில் இதற்குப் பிறகு இன்னொரு வரி இருந்தது, அப்பாவும் இத்தனை வருடம் கேட்டிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது என. மூன்று தடவை எடுத்தேன், மூன்று தடவை திரும்பப் போட்டேன், நாலாவது தடவை எடுத்துவிட்டேன். அவள் கேட்காமல் நிற்பதிலேயே அது இருக்கிறது.

இந்த இடத்தில் இருவரும் கட்டிப்பிடித்து அழ வேண்டும் என்று கை துடித்தது. விடவில்லை. ஆறு வருட மௌனம் ஒரு ராத்திரியில் கரையாது. அடுத்த நாள் அவள் மெக்கானிக்கோடு சண்டை போடுகிறாள், அந்தச் சண்டையில் சூடானவள் அன்றைக்கே அப்பாவிடமும் போகிறாள், எங்கே போனீங்க அன்னைக்கு என்று முதன்முறையாகக் கேட்கிறாள். அவள் கத்துகிறாள். அவரும் கத்துகிறார். சுவரில் ஒட்டியிருந்த அட்டையை அன்றைக்குத்தான் எடுத்தேன். அவர் போனது வீட்டுக்கு. அரைகுறையாக நின்றிருந்த மகளின் சட்டையை எடுத்து வரச்சொல்லி அம்மா கேட்டிருக்கிறாள், படுத்தபடியே கையால் முடித்துவிடுகிறேன் என்று. எடுத்துக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றால், சொன்னால் அது சாக்கு மாதிரி இருக்கும் என்று அவருக்குப் பட்டது. இந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. முன்பு இதைக் கடிதம் சொல்லியது. இப்போது அவரே சொல்ல வேண்டியிருக்கிறது, திக்கித் திக்கி, பாதியில் நிறுத்தி, அவளைப் பார்க்காமல். ஒன்றரைப் பக்கக் கடிதம் ஏழு பக்கக் காட்சியானது.

அமைப்பு வேலை இத்துடன் ஏறக்குறைய முடிந்தது. மூன்றாவது மாதம் முழுக்க மொழி. தேடிப் பார்த்ததில் “திடீரென்று” 143 இடத்தில், “ஏதோ ஒரு” 88, “கண்கள் கலங்கின” 61. கண் கலங்குவதை மொத்த நாவலுக்கும் மூன்றாகக் குறைத்தேன். குளிர்காற்று, விளக்கு, பூ வாசம் எல்லாம் போயின. அவை எந்த ஆவிக்கும் பொருந்தும், அந்த அம்மாவுக்கு மட்டுமே உரியது அந்த பெடல்தான்.

இதில் நமக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நம்பலாமா வேண்டாமா என்பதைத் தமிழில் வினையின் வாலிலேயே வைக்க முடிகிறது. பெடல் ஆடியது, ஆடுவது போலிருந்தது, ஆடியதாம். நான் பழைய வரைவில் ஆவி வரும் ஒவ்வொரு வரியிலும் “போலிருந்தது” போட்டிருந்தேன், மர்மம் கூடும் என்று. கூடவில்லை, எழுதுகிறவருக்கே நம்பிக்கை இல்லை என்று தோன்றியது. எல்லாவற்றையும் நேர் இறந்தகாலத்துக்கு மாற்றினேன்: பெடல் ஆடியது. சந்தேகத்தைப் பூனை பார்த்துக்கொள்ளட்டும், வினைச்சொல் பார்க்க வேண்டாம். இன்னொன்று, செய்தவர் யார் என்று சொல்லாமலே நம்மால் வாக்கியம் அமைக்க முடியும். “யாரோ மிதிக்கும் சத்தம்” என்று எழுதியிருந்ததை “மிதிக்கிற சத்தம் கேட்டது” என்றாக்கினேன். “யாரோ” என்றால் வாசகர் யார் என்று தேட ஆரம்பிப்பார். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அந்த இடம் வெறுமையாக இருக்கும், மகள் அங்கே அம்மாவை வைத்துக்கொள்வாள், அப்பா மனைவியை வைத்துக்கொள்வார். “ஆடியதாம்” மட்டும் ஒரே ஒரு தடவை வருகிறது, கடைசிக்கு முந்திய அத்தியாயத்தில், மெக்கானிக் தன் அக்காவிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது.

காதல் முடிவைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. காதல் நாவலைக் கையில் எடுப்பவர் இருவரும் சேர்வார்கள் என்ற நம்பிக்கையில்தான் எடுக்கிறார், அதை நான் உடைக்க விரும்பவில்லை. எப்படிச் சேர்கிறார்கள் என்பதில்தான் வேலை இருந்தது. அவன் மன்னிப்புக் கேட்க வந்தபோது பெல்ட்டைக் கழற்றிவிடட்டுமா என்று கேட்கிறான், இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் தொடுகிறான். அவள் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு அத்தியாயம் கழித்துச் சொல்கிறாள்: இருக்கட்டும். அந்தச் சட்டையை அவளே முடிக்கிறாள், அப்பா பாபினில் நூல் சுற்றிக் கொடுக்கிறார், ஊசியில் நூல் கோக்க அவருக்குக் கண் தெரியவில்லை என்பதால் அதை அவன் செய்கிறான். மூன்று பேரும் ஒரே மிஷினைச் சுற்றி நிற்கும் ஒரே இடம் அது. யாரும் ஒன்றும் பேசுவதில்லை.

இப்போது 27 அத்தியாயம், 94,000 சொற்கள். அட்டைகளின் நான்காவது வரியை, மாற்றத்தைச் செய்தது யார் என்பதை, மறுபடி எண்ணினேன்: மகள் 10, அப்பா 7, காதலன் 7, ஆவி 2, தற்செயல் 1. 22ஆம் அத்தியாயம் இன்னும் தொய்வாகத்தான் இருக்கிறது, அப்பாவும் மெக்கானிக்கும் தனியாகப் பேசும் இடம், இருவரும் ரொம்ப நல்லபடியாகப் பேசுகிறார்கள். அதை இன்னும் ஒருமுறை பிரிக்க வேண்டும்.

நான்கு பேரிடம் படிக்கக் கொடுத்தேன். மூன்று பேர் பூனைதான் என்றார்கள், நிம்மதியாக. நாலாமவர் இரண்டு நாள் கழித்து ராத்திரி பத்து மணிக்கு போன் செய்தார். 3ஆம் அத்தியாயத்தில் பூனைக்கு நாலு வயது என்று இருக்கிறது, குட்டியாக வந்தது என்றும் இருக்கிறது, அப்பா ஆறு வருடமாகக் கேட்டதாகச் சொல்கிறாரே, முதல் இரண்டு வருடம் யார் மிதித்தது, வயதைத் தப்பாகப் போட்டுவிட்டீர்களா என்று கேட்டார்.

திருத்தப் பட்டியலில் அது இருந்தது. போனை வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தேன், “பூனை வயது, ஆறரை ஆக்கு” என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். பூனைக்கு நாலு வயதுதான்.